பையில் இருக்கும் கோடு

பெங்களூரு அல்சூரில் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். முப்பது வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர். பேச்சுவாக்கில், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஆரி குமாரசாமி தலைமையில், பிரசவத்துக்குப் பின் ஏற்படும் இரத்தப்போக்கைப் பற்றி நடந்த ஆய்வைச் சொன்னேன். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். முடிவு 2023இல் வந்தது.

கருவி என்று பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அவ்வளவுதான். தாய்க்கு அடியில் விரித்தால் இரத்தம் அதன் பையில் சேரும். பையில் மில்லிலிட்டர் கோடுகள். அளவு மீறியதும் கருப்பையைத் தேய்த்துவிடுவது, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின், இரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், சலைன், பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில். ஒன்று பலிக்காவிட்டால் அடுத்தது என்று காத்திருப்பதில்லை. கடும் இரத்தப்போக்கு உள்ளிட்ட விபரீதங்கள் 60 சதவீதம் குறைந்தன. (நம் கர்நாடகத்தின் பெல்காமில் நடந்து 2006இல் வெளியான, மிசோப்ரோஸ்டால் என்ற இரத்தப்போக்குத் தடுப்பு மாத்திரை பற்றிய ஆய்விலேயே இப்படியொரு விரிப்பை வைத்து அளந்திருக்கிறார்கள். இங்கேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை!)

பெரியம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நாங்கள் துணி நனைந்ததைப் பார்த்துக் குத்துமதிப்பாகத்தானே எழுதுவோம். முக்கால்வாசி நேரம் குறைவாகத்தான் எழுதியிருப்போம்" என்றார்.

சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த விரிப்பு என்ன விலையடா?" என்று கேட்டார்.