கனவு இல்லாமலும் இருக்கலாம்: பி.டி.எஸ்ஸின் ‘பாரடைஸ்’ பாட்டு பற்றி

கொரியாவின் பி.டி.எஸ் பாட்டுக் குழு என்றதும் நிறையப் பேருக்கு ‘டைனமைட்’, ‘பட்டர்’ இரண்டும்தான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது அதற்கெல்லாம் முந்திய ஒரு பாட்டு. 2018 மே மாதம் வெளியான ‘லவ் யுவர்செல்ஃப்: டியர்’ (Tear) ஆல்பத்தில் ‘பாரடைஸ்’ என்று ஒன்று இருக்கிறது, மெதுவாகப் போகும், சத்தம் போடாது, கேட்டவர்களில் பாதிப் பேர் அடுத்த பாட்டுக்குத் தாண்டிப் போயிருப்பார்கள். எனக்கு அந்தக் குழு பாடியதிலேயே துணிச்சலான பாட்டு அதுதான். ஓடி ஓடிக் களைத்து உள்ளுக்குள் ஒன்றும் மிச்சமில்லாமல் போனவர்களுக்கு அது என்ன சொல்கிறது, இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிற நான் அதை எப்படிக் கேட்கிறேன் என்று எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு ஒரு மரதன் ஓட்டத்தில் தொடங்குகிறது. வாழ்க்கை நீளமானது, மெதுவாகப் போ, 42.195 கிலோமீட்டரை ஓடி முடித்தால் கனவுச் சொர்க்கம் காத்திருக்கிறது, இது எல்லோரும் நமக்குச் சொல்லித் தருகிற கதை. அடுத்த மூச்சிலேயே, நிஜ உலகம் அந்த வாக்குப்படி நடப்பதில்லை என்று வந்துவிடுகிறது. வெடிச்சத்தம் கேட்டால் ஓடியே ஆக வேண்டும், எங்கே போகிறோம் என்று தெரியாது, வழியில் பார்க்க ஒரு காட்சி கிடையாது, மூச்சு தொண்டை வரைக்கும் முட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கேதான் கோரஸ் வருகிறது. நின்றால் பரவாயில்லை, காரணம் தெரியாமல் ஓட வேண்டியதில்லை, கனவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரமாவது சந்தோஷமாக இருக்கிற பொழுதுகள் உனக்கு இருந்தால் போதும்.

ஓய்வு பற்றிய பாட்டுகள் பெரும்பாலும் என்ன சொல்லும்? இன்றைக்குத் தூங்கு, நாளைக்கு எழும்பி மறுபடி ஓடு. ஓய்வே அடுத்த ஓட்டத்துக்கான தயாரிப்பு என்கிற மாதிரி. இந்தப் பாட்டு அப்படிச் சொல்லவில்லை. ஓட்டப் பாதையை யார் போட்டது என்று கேட்கிறது, நிற்பதற்கு நீ யாருக்கும் காரணம் காட்டத் தேவையில்லை என்கிறது. சோர்ந்துபோன ஒருவருக்குத் தூக்கத்தை விடப் பெரிய தேவை இதுதான் என்று நான் நினைக்கிறேன். படுத்தாலும் மனசு கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தப் படுக்கையால் என்ன பிரயோசனம்?

இதைச் சொன்னது யார் என்பதும் முக்கியம். 2013 ஜூன் மாதம் அறிமுகமானபோது இவர்கள் பாடிய முதல் பாட்டு ‘நோ மோர் ட்ரீம்’. உன் கனவு என்னடா என்று பிள்ளைகளைத் தோளைப் பிடித்து உலுக்குகிற பாட்டு. அதே குழு ஐந்து வருடம் கழித்து, கனவே இல்லாவிட்டாலும் நீ முழு மனுஷன்தான் என்கிறது. பின்வாங்கிவிட்டார்கள் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது வளர்ந்து வந்து சொன்ன பதிலாகத் தெரிகிறது. ‘டியர்’ ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்தது, கொரியக் கலைஞர்கள் யாருக்கும் அதற்கு முன் கிடைக்காத இடம். ஆனால் அதே வருடம் டிசம்பரில் ஹாங்காங்கில் நடந்த ‘மாமா’ (MAMA) இசை விருது மேடையில், வருடத் தொடக்கத்தில் குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தோம் என்று குழுவில் ஒருவரான ஜின் அழுதுகொண்டே சொன்னார். 2019 ஆகஸ்டில்தான், அறிமுகமாகி ஆறு வருடத்துக்குப் பிறகு, முதல் தடவையாக நீண்ட ஓய்வு எடுப்பதாக அறிவித்தார்கள். 2022 ஜூனில் குழு வேலைகளைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறோம் என்றபோது, இந்தத் தொழில் ஒரு மனுஷன் முதிர்வதற்கே நேரம் தருவதில்லை என்று குழுவின் தலைவர் ஆர்.எம் பேசினார். ஆகவே உச்சியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவர்களுக்குச் சொன்ன ஆறுதலாக இந்தப் பாட்டை எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. அவர்களும் மூச்சு முட்டிக்கொண்டுதான் பாடியிருக்கிறார்கள்.

இரண்டாவது பகுதிதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. நாம் கனவைக் கடன் வாங்குகிற மாதிரி அடுத்தவனிடமிருந்து வாங்குகிறோம், பெரிய ஆளாக வர வேண்டும் என்று படித்து வைத்திருக்கிறோம், உன் கனவு என்று நீ தூக்கிக்கொண்டு திரிவது உண்மையில் ஒரு சுமை என்று வருகிறது. கடன் என்றால் என்ன என்று எங்கள் மலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கடையில் கடன் கொப்பி, நகைக்கு அடகுச் சீட்டு, தீபாவளிக்கு எடுத்து மாதா மாதம் சம்பளத்தில் கழிகிற முற்பணம் என்று பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். கனவையும் அப்படித்தான் பிள்ளைகள் தலையில் ஏற்றுகிறோம் என்பது எனக்கு வகுப்பில் புரிந்தது.

‘எனது எதிர்கால இலட்சியம்’ என்ற கட்டுரை எல்லோரும் எழுதியதுதான். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். கட்டுக் கட்டாக டாக்டர், இஞ்சினியர், லோயர். எழுத்து நன்றாகத்தான் இருந்தது, உவமை எல்லாம் வைத்திருந்தார்கள், ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதியதோடு மாற்றி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. பெரும்பாலான கட்டுரைகளில் அம்மா, அப்பா, தோட்டம், லயத்து வரிசை வீடு, தியாகம், நான் அவர்களைக் கரையேற்றுவேன். ஒரு பிள்ளை மட்டும் தலைப்பை எழுதி, அடியில் கோடு கிழித்து, அதற்குக் கீழே ஒன்றுமே எழுதாமல் கொண்டுவந்து நின்றாள். “டீச்சர், நான் இன்னும் யோசிக்கவே இல்ல. எழுதாம விட்டா மார்க்ஸ் கழிப்பீங்களா?” என்றாள். பயந்துகொண்டு கேட்டாள். பதினைந்து வயதுப் பிள்ளை இன்னும் யோசிக்கவில்லை என்று சொல்லப் பயப்பட வேண்டிய நிலையில் இருக்கிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பாட்டில் ஓர் இடம் வரும். கனவு என்ன அவ்வளவு பிரமாண்டமான விஷயமா, அடுத்த மாதம் ஒரு லேப்டாப் வாங்குவதாக இருக்கலாம், சும்மா சாப்பிட்டுத் தூங்குவதாகவும் இருக்கலாம், பேரில் என்ன இருக்கிறது என்று. அதை வைத்து அடுத்த கிழமை வேறு தலைப்புக் கொடுத்தேன்: அடுத்த மாதம் உனக்கு என்ன வேண்டும்? அப்போது பார்க்க வேண்டும் அந்தக் கொப்பிகளை. கொழும்பில் கடையில் வேலை செய்கிற அண்ணன் சம்பள நாளுக்கு வீட்டுக்கு வர வேண்டும், மழைக்கு ஒழுகுகிற தகரத்தை மாற்ற வேண்டும், தங்கச்சிக்குத் தெரியாமல் ஒரு முழு சொக்லட் தின்ன வேண்டும், வெளிச்சம் அணைத்த பிறகும் யாரும் கூப்பிடாமல் கிடக்க வேண்டும். ஒரு பையன் தண்ணீர் எடுக்கப் போகாத ஒரு காலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான், அந்தக் காலையில் அவன் என்னென்ன செய்வான் என்று, பக்கத்து லயத்து நாய்க்குட்டி வரைக்கும். ஒரு கொப்பியைப் போல இன்னொன்று இல்லை. கோடு மட்டும் கிழித்த பிள்ளை இரண்டு பக்கம் எழுதினாள்.

சரி, இனி இந்தப் பாட்டோடு எனக்குள்ள சண்டைக்கு வருகிறேன்.

என் அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்துக்கு நேரத்துக்குப் போக வேண்டும், மலையில் நெறை, அதாவது பறிக்கிற வரிசை, பிடிக்க வேண்டும், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு சொல்வதுதான் அன்றைய நாளின் தீர்ப்பு. கூடைக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர். முழு நாளும் அட்டைக்கடியோடும் மழையோடும் மலையில் நின்றவருக்குப் பாதி நாள் வேலை செய்ததாகப் பதிவு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் விறகு, துணி, கறித்தோட்டம். கொஞ்சம் உட்காருங்கம்மா என்றால், சும்மா உக்காந்தாதான் ஒடம்பு வலிக்குது என்பார். ஒருநாள் ராத்திரி பாட்டைப் போட்டுவிட்டு, நின்னா பரவாயில்ல, ஓட வேணாம்னு பாடுறாங்கம்மா என்று சொன்னேன். ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “அப்ப அரிசிய யாரு வாங்குறது?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதற்குப் பாட்டில் பதில் கிடையாது. நீ விடுகிற ஒவ்வொரு மூச்சும் ஏற்கெனவே சொர்க்கத்தில்தான் இருக்கிறது என்று கோரஸ் முடிகிறது, அழகான வரிதான், ஆனால் மடுவத்து வரிசையில் நிற்கிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. தேயிலைச் செடிக்குக்கூட நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டி, தளிர் வந்து தேறும் வரைக்கும் மாதக்கணக்கில் யாரும் கை வைக்காமல் விடுகிறார்கள். விடாவிட்டால் செடி பட்டுப்போகும் என்று தோட்டத்துக்குத் தெரியும். அந்தச் செடியில் பறிக்கிறவருக்கு அப்படி ஒரு ஏற்பாடு தோட்டத்தின் எந்தச் செக்ரோலிலும், அந்த வேலைப் பதிவேட்டிலும், இல்லை.

என் முடிவு இதுதான்: பாட்டு குற்ற உணர்ச்சியை எடுத்துவிடுகிறது, லீவு எடுத்துத் தராது. இரண்டும் வேறு வேறு வேலை. இரண்டாவது வேலையைச் செய்ய வேண்டியது சம்பளமும் சட்டமும். கொரியாவில் இதே 2018இல்தான், வாரத்துக்கு 68 மணித்தியாலம் வரைக்கும் போகக்கூடிய வேலையை 52 ஆகக் குறைத்துச் சட்டம் கொண்டுவந்தார்கள், ஜூலையில் பெரிய நிறுவனங்களிலிருந்து அமுலுக்கு வந்தது. பாட்டால் சட்டம் வந்தது என்று நான் சொல்லவில்லை. களைத்துப்போன ஒரு நாடு ஒரே வருடத்தில் இரண்டு விதமாகவும் பேசியிருக்கிறது என்கிறேன். நம்மிடத்தில் 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு அரசாங்க அறிவிப்பான வர்த்தமானி வந்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அதன் பிறகு எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள், கூட்டிய கிலோவை எடுக்க முடியாதவர்களுக்கு மறுபடி அரைப் பேர். கூலியைப் பற்றிப் பேசும்போது கிலோவையும் சேர்த்துப் பேசாவிட்டால் ஓய்வு என்ற சொல்லையே எடுக்க முடியாது.

என் தம்பி இப்போது கொரியாவில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். இங்கே கொரிய மொழி வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மூலமாகப் போனவன். இந்தப் பாட்டின் நெளிவு சுளிவு எல்லாம் எனக்கு அவன்தான் வொய்ஸ் மெசேஜில் சொன்னான். “அக்கா, இங்க உள்ளவங்க இந்தப் பாட்டக் கேட்டுட்டே ஓவர்டைமுக்கும் போறாங்க. நானும்தான்” என்றான். ஓவர்டைம் வெட்டினால் அவனுக்குக் கவலை, ஏனென்றால் வீட்டுக்கு அனுப்புகிற காசு அதில்தான். அவன் களைப்பையும் அம்மாவின் களைப்பையும் ஒரே சங்கிலி கட்டி வைத்திருக்கிறது. ஆனாலும் அவன் பாட்டை விடவில்லை. அது அவனுக்கு எதையும் மாற்றித் தராது என்று அவனுக்குத் தெரியும், இருந்தாலும் நீ சோம்பேறி இல்லை என்று ஒரு குரல் சொல்வது வேண்டியிருக்கிறது, அவன் இருக்கிற ஊரில் அதை அவனிடம் சொல்ல வேறு யாரும் இல்லை.

அதனால் என் கைக்கு எட்டுகிற இடத்தில் ஏதாவது செய்யலாம் என்று பார்க்கிறேன். ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு, பிறகு பாடசாலையில் மேலதிக வகுப்பு, பின்னேரம் டியூஷன். திங்கட்கிழமை முதல் பாடத்துக்கு வந்து மேசையில் தலையை வைக்கிற பிள்ளையைத் தட்டி எழுப்புவது எனக்கே பாவமாக இருக்கிறது. மாதத்தில் கடைசி ஞாயிறு ஒன்றை மட்டும் வகுப்பில்லாமல் விடலாம் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். அதிபரிடம் சொல்லிவிட்டேன், பெற்றோர் சம்மதித்தால் சரி என்றார். பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தானே இருக்கு, சும்மா விட்டா போனைத்தான் நோண்டிக்கிட்டு இருப்பாங்க டீச்சர் என்று யாராவது ஒரு அப்பா கட்டாயம் எழும்பிச் சொல்வார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது, அவர் பிள்ளை மலைக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் அவர் அப்படிச் சொல்வார். இருந்தாலும் நோண்டட்டும் என்றுதான் சொல்லப் போகிறேன். நோண்டட்டும், தூங்கட்டும், ஆற்றுப் பக்கம் போகட்டும். அந்த ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று திங்கட்கிழமை கட்டுரை எழுதச் சொல்லவும் மாட்டேன்.