மோடத்துக்கு முதல் பங்கு

மொட்டை மாடியிலிருந்து இறங்கும் ஒரே கேபிள் ஒயரில்தான் எங்கள் வீட்டு மோடம், ஹால் டிவி, அம்மா அறை டிவி மூன்றும் ஓடுகின்றன. போன மாதம் நெட் விட்டு விட்டு வந்தது. மகளின் ஆன்லைன் டியூஷன் பாதியில் நின்றுபோகும்; அவள் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. டிவியில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

கேபிள்கார அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "மோடம் மாத்தணும் சார்" என்றார். காசைப் போடுவதற்கு முன்னால் பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தேன். பல கேபிள் மோடங்கள் தங்கள் சிக்னல் கணக்கை அங்கேதான் காட்டும். உள்ளே வருவது மைனஸ் 11 டிபிஎம்வி; சிக்னலின் வலுவை அளக்கும் அலகு அது. மைனஸ் 7-க்கும் பிளஸ் 7-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. வெளியே அனுப்புவதோ 52. 50-ஐத் தாண்டினாலே மோடம் தொண்டை கிழியக் கத்துகிறது என்று அர்த்தம். செட்டாப் பாக்ஸுக்கு வருகிற சிக்னலை வாங்கிக்கொண்டால் போதும். மோடம் திருப்பிப் பேசவும் வேண்டும். டிவி ஓடியும் நெட் திணறியது அதனால்தான்.

பரணில் ஏறிப் பார்த்தால், ஒரு ஒயரின் சிக்னலை நாலாகப் பிரிக்கும் நாலு வழி ஸ்பிளிட்டர். ஒரு வழி காலி. மோடம் ஒயரின் நுனியில் இருக்கும் பின்னை, அதாவது கனெக்டரை, தொட்டதும் தளர்ந்து சுழன்றது. உள்ளே கம்பியில் பச்சைக் களிம்பு.

நாலு வழி ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு வழியிலும் ஏறக்குறைய 7 டெசிபல் சிக்னல் போய்விடும். இரு வழியில் 3.5 தான். ஆள் உட்காராத இலைக்கும் பரிமாறுகிற மாதிரி, காலி வழிக்கும் சரிபங்கு போகிறது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு இரு வழி ஸ்பிளிட்டர் வாங்கினேன். மேலே 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மோடம் திருப்பி அனுப்புவது அந்த அடிமட்ட அலைவரிசையில்தான். டிடிஎச்சுக்கென்று 950-இல் தொடங்குகிற ஸ்பிளிட்டரும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அது இதற்கு ஆகாது.

முதல் ஸ்பிளிட்டரின் ஒரு வழி நேராக மோடத்துக்கு. மறு வழி இரண்டாவது ஸ்பிளிட்டருக்கு, அங்கிருந்து இரண்டு டிவிக்கும். டிவிகளுக்கு 3.5-உம் 3.5-உம் சேர்ந்து 7; பழைய கணக்கேதான், அவற்றுக்கு நஷ்டமில்லை. மோடத்துக்கு மட்டும் 3.5 மிச்சம்.

பின் அடிக்க அண்ணனையே கூப்பிட்டேன். களிம்பு பிடித்த நுனியை நறுக்கி, ஒயருக்குள் இருக்கும் கம்பி வலையைப் பின்னால் மடித்து, நடுக்கம்பியைச் சுற்றிய வெள்ளை நுரை பின்னின் உள்விளிம்போடு சமமாக நிற்கும்வரை அழுத்திக் கிரிம்ப் பண்ணினார். வலையின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். அதை டார்ச் அடித்து இரண்டு முறை பார்த்தார். அந்தப் பொறுமைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இப்போது உள்ளே மைனஸ் 5, வெளியே 46. அதே பழைய மோடம். ஸ்பிளிட்டர் கொடுத்தது 3.5, மீதி அந்தப் பின் தின்றுகொண்டிருந்தது. அடுத்து ஒரு டிவி வந்தால் இரண்டாவது ஸ்பிளிட்டரைத்தான் மாற்ற வேண்டும். "மோடம், கழற்றாதே" என்று எழுதி முதல் ஒயரில் ஒட்டியிருக்கிறேன்.