நைட்ரஸ் ஆக்சைடை உடைக்கும் கறுப்புத் தூள்

நைட்ரிக் அமில ஆலைகளில் அம்மோனியாவை பிளாட்டினம்-ரோடியம் வலையில் எரிக்கும்போது நைட்ரஸ் ஆக்சைடும் கொஞ்சம் கூடவே வந்துவிடும். காற்றில் நூறு வருஷத்துக்கு மேல் நிற்கும் வாயு. பூமியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் இதில் ஒரு கிலோ, 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இதை உடைக்கும் கோபால்ட் ஆக்சைடு வினையூக்கிதான் என் ஆராய்ச்சி. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு, பாலக்காட்டில் ஆய்வகம். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

முதல் தலைவலி சிலிண்டர். ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்துக்குக் கொடுக்கும் வாயு என்பதால், எதற்கு, யாருக்கு என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதிக் கேட்டார்கள். கொடுத்த பிறகும் அலையவிட்டார்கள். வந்து சேர்ந்ததும் லேப் அண்ணன், "ஏங் கண்ணு, இது ஆஸ்பத்திரிக்குப் போறதில்லையா?" என்றார். வால்வில் எண்ணெய், கிரீஸ் படக்கூடாது. இது எரிவதைத் தூண்டும் வாயு. உள்ளே திரவமாக இருப்பதால், தீரும் தறுவாய் வரை அழுத்தமானி அசையாது. தராசில் வைத்துத்தான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும். 36 டிகிரி தாண்டினால் உள்ளே திரவம் என்று தனியாக எதுவும் இருக்காது, அழுத்தமும் ஏறும். ஏப்ரலில் 40 தொடும் ஊரில் சிலிண்டரை எங்கே நிறுத்துகிறோம் என்பது முக்கியம்.

தூள் தயாரிப்பது சுலபம். கோபால்ட் நைட்ரேட் கரைசலில் சோடியம் கார்பனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் படியும். காயவைத்துச் சுட்டால் கறுப்பு. ஆனால் நடுவில் கழுவுவது இருக்கிறதே, அதுதான் பொறுமையைச் சோதிக்கும். சோடியம் தங்கிவிட்டால் அதுவும் வேலையில் கைவைக்கும். அப்புறம் சேர்க்கிற பொட்டாசியத்தால் வந்த பலன் எது என்று பிரிக்கவே முடியாது. துளி பொட்டாசியம் சேர்த்ததற்கு, வாயு உடையும் வெப்பநிலை நூறு டிகிரிக்கு மேல் இறங்கியது. பொட்டாசியம் இருந்தால் கோபால்ட் எலக்ட்ரானைச் சுலபமாக விட்டுக்கொடுக்கும், மேற்பரப்பில் ஒட்டிய ஆக்சிஜனும் சீக்கிரம் கிளம்பும்.

அளப்பதில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். நைட்ரஸ் ஆக்சைடு உடைந்தால் இரண்டு பங்கு நைட்ரஜனுக்கு ஒரு பங்கு ஆக்சிஜன் வரவேண்டும். எங்களுக்கு அந்த விகிதம் மெல்ல ஏறிக்கொண்டே போனது. காற்றில் அது ஏறக்குறைய நாலுக்கு ஒன்று. அப்படியானால் எங்கோ காற்று நுழைகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு இணைப்பாகச் சோப்புத் தண்ணீர் தடவியதில், உலைக்கு அடுத்த நட்டில் சின்னதாகக் குமிழி வந்தது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (வாயுக்களை மூலக்கூறு நிறையை வைத்துப் பிரித்துக் காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள், நைட்ரஸ் ஆக்சைடின் நிறையான 44-ஐ மட்டும் நம்ப வேண்டாம். கார்பன் டை ஆக்சைடுக்கும் அதே 44தான். கருவிக்குள் நைட்ரஸ் ஆக்சைடு உடைந்து வரும் துண்டான 30-ஐயும் சேர்த்துப் பாருங்கள்.

எந்த வெப்பநிலையில் எவ்வளவு உடைகிறது என்ற வரைபடம் உலர்ந்த வாயுவில் அவ்வளவு அழகாக வந்தது. சார் பார்த்துவிட்டு, "சரி, ஈரத்தில் ஓட்டினாயா?" என்று மட்டும் கேட்டார். ஆலையிலிருந்து வரும் வாயுவில் நீராவி இருக்கும். நைட்ரஸ் ஆக்சைடைச் சுமந்து செல்லும் ஹீலியத்தை 25 டிகிரித் தண்ணீருக்குள் குமிழியிட்டு அனுப்பினால் சுமார் 3 சதவீதம் நீராவி கிடைக்கும். குழாய் முழுக்க ஹீட்டிங் டேப் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே தண்ணீராகிவிடும். நீராவி உள்ளே போனதும் உடைவது சட்டென்று குறைந்தது. நிறுத்தியதும் பெரும்பாலும் மீண்டது. அதாவது தூள் கெடவில்லை. தூளின் மேற்பரப்பில் தண்ணீர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வெப்பநிலையைக் கூட்டி ஓரளவு ஈடுகட்டலாம். உலர்ந்த ஓட்டத்தை மட்டும் காட்டி 'குறைந்த வெப்பநிலை' என்று போடும் கட்டுரைகளை இப்போது நான் அரைக் கண்ணால்தான் படிக்கிறேன்.

இனி நைட்ரிக் ஆக்சைடையும் கலந்து ஓட்ட வேண்டும். அந்தச் சிலிண்டருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தாயிற்று.