குமுளி ஏலக்காயும் ஸ்வீடன் பன்னும்

அப்பா கம்பத்துக்காரர், அம்மா ஸ்வீடன்காரர் என்றால், குமுளியில் வளரும் பிள்ளைக்கு ஸ்வீடனை எங்கிருந்து ஊட்டுவது? பெட்டி பெட்டியாகச் சாமான் வரவழைக்க வேண்டாம். அந்த ஊர் பன்னுக்கு உயிரே ஏலக்காய்தான். அது நம் மலையிலேயே காய்க்கிறது. காபியும் பன்னுமாக உட்கார்ந்து பேசும் வேளைக்கு அங்கே 'ஃபீக்கா' என்று பெயர். வாரம் ஒரு ஃபீக்கா தவறாமல் நடந்தால் போதும், மற்றதெல்லாம் பின்னால் வரும்.

பாக்கெட் ஏலப்பொடி கூடவே கூடாது. 8 எம்.எம். பருமனுள்ள பெரிய காயும் தேவையில்லை, அந்த விலை உருவத்துக்கு. சிறு காய் போதும், வெடித்த காயை மட்டும் ஒதுக்குங்கள், மணம் போயிருக்கும். தோலை நீக்கி, கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கும் விதையை உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். நைசாக அரைத்துவிட்டால் கடிக்கும்போது வரும் அந்த மணம் கிடைக்காது. தோல் டீத்தூள் டப்பாவுக்கு.

மைதா 450 கிராம், சர்க்கரை 80, வெண்ணெய் 75, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், இடித்த விதை 2 டீஸ்பூன். ஸ்வீடன் குறிப்பில் உள்ள பாலை அப்படியே ஊற்றினால் நம் மைதா தாங்காமல் கையில் ஒட்டும். வெதுவெதுப்பான பால் 220 மி.லி.யில் தொடங்கி, வேண்டுமானால் ஒரு கரண்டி கூட்டுங்கள். உப்பு வெண்ணெய் என்றால் தனி உப்பு வேண்டாம். பத்து நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும்.

மாவு உப்பும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். கம்பத்து வெயிலில் முக்கால் மணிக்குள் இருமடங்காகிவிடும்; மறந்துவிட்டால் புளிப்பு வாடை. குமுளி டிசம்பர் குளிரில் ஒன்றரை மணிகூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள்.

30-க்கு 40 செ.மீ. அளவில் தேய்த்து, வெண்ணெய் 75, சர்க்கரை 80, ஏலம் ஒரு டேபிள்ஸ்பூன் கலந்து தடவுங்கள். வெண்ணெய் இளகியிருக்கலாம், உருகியிருக்கக் கூடாது. உருகினால் தட்டில் வழிந்து அடி கருகும். மூன்றாக மடித்து, இரண்டரை செ.மீ. பட்டைகளாக வெட்டி, முறுக்கி முடிச்சிட்டு, இன்னும் அரை மணி விடுங்கள். ஓவனை 220 டிகிரிக்கு நன்றாகச் சூடாக்கிய பிறகே உள்ளே வைக்க வேண்டும், 10 நிமிடம். சூடு குறைந்து நேரம் நீண்டால் பன் வறண்டுவிடும். மேலே தூவும் முத்துச் சர்க்கரை, அதாவது சின்னச் சின்ன வெள்ளைச் சர்க்கரை மணிகள், இங்கே கடைகளில் கிடைப்பது அரிது. கற்கண்டைக் கடுகளவு உடைத்துத் தூவலாம்.

டிசம்பர் 13, ஸ்வீடன் பிள்ளைகள் தலையில் விளக்குக் கிரீடம் சூடும் லூசியா நாள். அதற்குக் குங்குமப்பூ அரை கிராம் சேர்த்து 'எஸ்' வடிவ பன். குங்குமப்பூ மாவு சீக்கிரம் வறளும். துணியில் கட்டி நீர் வடித்த தயிர் கொஞ்சம் சேர்த்தால் மெத்தென்று நிற்கும். பிள்ளை தலைக்கு பேட்டரி விளக்குக் கிரீடமே போதும், மெழுகுவத்தி வேண்டாம்.

ஜூன் 19-லிருந்து 25-க்குள் வரும் வெள்ளியில் மிட்சோமர், பூச்சுற்றிய கம்பம் நட்டுச் சுற்றி ஆடும் கோடை விழா. குமுளியில் அப்போது சாரல். அதனால் பூக்கம்பத்தை மலைக்குக் கீழே நடுங்கள். கம்பத்துப் பூக்காரரிடம் தலைக்குக் கதம்பம் கட்டித்தரச் சொல்லலாம்.

மொழிக்கு உறவுமுறையிலிருந்து தொடங்குவதே சுலபம். இரண்டு பாட்டிகளையும் 'கிராண்ட்மா' ஆக்கிவிடும் ஆங்கிலம் இதற்கு உதவாது. ஸ்வீடிஷில் அம்மாச்சி 'மூர்மூர்', அப்பத்தா 'ஃபார்மூர்'. தாய்மாமன் 'மூர்ப்ரூர்', அத்தை 'ஃபாஸ்தெர்'. நம் பிள்ளைக்கு இந்தப் பிரிவு ஏற்கெனவே தெரியும். சொல் மட்டும்தான் புதிது. ஃபீக்கா வேளையில் வீடியோ அழைப்பு போட்டு, மூர்மூரிடம் பன்னைக் காட்டச் சொல்லுங்கள்.