குடுமி வளர்த்த சாமியும் உமையாள்நாச்சியும்

குடுமியான்மலை என்றால் விவசாயிகளுக்கு அங்கிருக்கும் அரசின் அண்ணா பண்ணை ஞாபகம் வரும், சங்கீதக்காரர்களுக்குக் கல்வெட்டு. என் அம்மாவுக்குக் குடுமி. புதுக்கோட்டையிலிருந்து மேற்கே 20 கிலோமீட்டர்தான். ஆனாலும் இத்தனை வருஷம் தள்ளிப்போட்டு, போன மாதம்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கதை தெரிந்ததுதான். சாமிக்கு வைத்திருந்த பூவை அர்ச்சகர் தன் காதலிக்குக் கொடுத்துவிடுகிறார். அந்த நேரம் பார்த்து ராஜா வந்து நிற்கிறார். அவள் தலையிலிருந்து எடுத்த பூவையே பிரசாதமாக நீட்ட, அதில் ஒரு முடி. "சாமிக்குக் குடுமி இருக்கிறது மகாராஜா" என்று உளறிவிடுகிறார் அர்ச்சகர். ராஜா பார்த்தபோது லிங்கத்தில் நிஜமாகவே குடுமி இருந்ததாம். அப்புறமென்ன, சாமி சிகாநாதர் ஆனார். திருநலக்குன்றம் என்ற பழைய பெயர் போய், ஊருக்கும் குடுமி ஒட்டிக்கொண்டது.

"உச்சியில பாருங்கோம்மா, புடைப்பா தெரியறதோ?" என்று குருக்கள் தீபத்தை உயர்த்தினார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது.

மண்டபத்துத் தூண்களில் ரதி, மன்மதன், இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், பத்துத் தலை ராவணன். நாயக்கர் காலத்துக் கைவேலை. ஒவ்வொன்றின் முன்னாலும் கால் நின்றுவிடுகிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்தக் கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பாண்டியர் காலத்து ஒன்று, உமையாள்நாச்சி என்ற ஆடல் மகளைப் பற்றியது. கோயிலிடமிருந்து நிலம் வாங்கி, மலையமங்கை என்று அம்மனைப் பிரதிஷ்டை செய்தவள் அவள். இன்றும் அகிலாண்டேஸ்வரி சன்னிதி ஒரு பக்கம், அவள் வைத்த அம்மன் ஒரு பக்கம். அர்ச்சகர் கதையில் பூ வைத்துக்கொண்டவளுக்குப் பெயரே இல்லை. இவள் பெயர் கல்லில் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அவளுக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கோ" என்றார்.

குன்றைக் குடைந்து செய்த மேலைக்கோயில் பூட்டியிருந்தது. கேட்டதும் காவலர் வந்து திறந்தார். அதன் பக்கத்துப் பாறையில், வலம்புரிப் பிள்ளையார் அருகே, சுமார் 13 அடிக்கு 14 அடியில் அந்த இசைக் கல்வெட்டு. 7ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். மத்தியமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்று அந்தக் காலத்து ராகங்களின் பெயரில் 7 பகுதி. ஸ்வரங்களை நான்கு நான்காகக் கோத்து வெட்டியிருக்கிறார்கள். மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாகச் சொல்கிற அரசன், ருத்ராசார்யரின் சீடன் என்று சொல்லிக்கொள்கிறானே தவிர தன் பெயரைப் போடவில்லை. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. மற்றதெல்லாம் கிரந்த எழுத்து; கடைசியில் மட்டும் தமிழில் ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய". கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவள் என்ற தைரியத்தில் நானும் முணுமுணுத்துப் பார்த்தேன். ஒரு வரிகூடப் பிடிபடவில்லை.

குன்றின் உச்சியில் காளை மேல் அமர்ந்த சிவனான ரிஷபாரூடரும் 63 நாயன்மார்களும் வரிசையாக இருக்கிறார்கள். அம்மாவின் முழங்காலுக்கு அது கீழிருந்து தரிசனம்தான்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அம்மா பிரசாதப் பூவைக் கிள்ளி எனக்குப் பாதி நீட்டினார். வாங்கப் போனேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "இரு, முடி கிடக்கான்னு பாத்துட்டுத் தரேன்" என்றார்.