சிவப்புக் குழல்

நர்சரியில் அடுக்கு இதழ் பெட்டூனியாக்களை எல்லாம் தாண்டி, ஓரமாக இருந்த கார்டினல் பூத்தொட்டிக்கு நேராக வந்தது ஒரு ஹம்மிங்பேர்ட். பூந்தேன் குடிக்கும் குட்டிப் பறவை; 3 கிராம்தான் இருக்கும்.

பூவின் ஒல்லியான சிவப்புக் குழலுக்குள் அலகை விட்டது. மேலே வளைந்திருந்த மகரந்தக் காம்பு அதன் உச்சந்தலையைத் தொட்டது. வெளியே வந்தபோது தலையில் திருநீறு இட்டது போல மகரந்தம்!

அந்தப் பூவுக்கு வாசனை இல்லை. தேனீக்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. பறவையை நம்பியே பூக்கிற செடி.

அமெரிக்காவின் நார்த் கரோலினாவில் தோட்டம் போடுகிறவர்கள் இதை நடுங்கள். பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். குட்டிப் பூச்சிகளும் சிலந்திகளும் ஹம்மிங்பேர்ட் குஞ்சுகளுக்கு உணவு.

அப்புறம், இலையுதிர் காலத்தில் இந்தப் பறவைகள் தெற்கே கிளம்பும். பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவையே பறந்து கடக்கும். அதற்கு முன் தேன் குடித்து உடம்பில் கொழுப்பு ஏற வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரிலும் பூக்கிற செடியா என்று கேட்டு வாங்குங்கள்.