பெரியப்பாவின் விரல்

அம்பாசமுத்திரத்தில் பெரியப்பா மைக் செட் கடை வைத்திருந்தார். கோயில் கொடைக்குப் புறப்படுமுன் ஒவ்வோர் ஆம்ப்ளிஃபையரிலும் மைக் வயரின் முனையை விரலால் தொட்டுப் பார்ப்பார்; ஒலிபெருக்கி 'உர்ர்' என்று இரைந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது என்று பொருள். சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் காற்றைத் தாண்டி அவர் உடம்பில் ஏறி, விரல் வழியே இறங்கியதுதான் அந்த இரைச்சல் என்பது மின்னணுவியல் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

மார்பில் ஒட்டிய இதயத்துடிப்புப் பட்டையும் கைக்கடிகாரமும் உடம்பையே கம்பியாகக் கொண்டு பேசிக்கொள்ளும் முறையைப் படிக்கும்போதெல்லாம் அந்த விரல் நினைவுக்கு வருகிறது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தாமஸ் சிம்மர்மேன் செய்துகாட்டிய வழி இது. புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பு உறிஞ்சுகிறது, எஞ்சியது அறையெங்கும் பரவுகிறது. தோலில் செலுத்தும் தாழ்ந்த அதிர்வெண் சிக்னலோ பெரும்பாலும் உடம்பை ஒட்டியே நின்றுவிடுகிறது.

சிக்கல், மின்னோட்டம் கருவிக்குத் திரும்பும் பாதையில் இருக்கிறது. கருவியின் ஒரு முனைதான் தோலைத் தொடுகிறது; மறுமுனை காற்றின் வழியாகவும் தரையின் வழியாகவும் மிகச் சிறிய மின்தேக்கத்தால், அதாவது தொடாமலே மின்புலத்தால் ஏற்படும் இணைப்பால் மட்டுமே சுற்றை முடிக்கிறது என்பதால், வந்து சேரும் சிக்னல் மிகவும் நலிந்திருக்கிறது. பெரியப்பா ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டால் இரைச்சல் தணியும். தாமிரபரணிப் படித்துறையில் நிற்பவர் உடம்பிலும் அப்படித்தான் தணியும், ஆனால் நமக்கு வேண்டிய சிக்னலும் அதே காலின் வழியே மண்ணுக்குள் வடிந்துவிடும். எர்த் கொடுத்து இரைச்சலை ஒழிக்கும் பழைய வைத்தியம் இங்கே செல்லாது.

ஆகவே அதிர்வெண்ணைத்தான் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸை விட்டு மேலே போனால் திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் போன்ற மத்திய அலைகள் குறுக்கிடும். இன்னும் மேலே, எஃப்.எம். ஒலிக்கும் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை, அரை அலைநீளம் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். அங்கே உடம்பே ஏரியலாகிவிடும். உடம்பில் அணியும் கருவிகளுக்காக 2012இல் வந்த ஐ.இ.இ.இ. 802.15.6 என்ற தொழில்நுட்பத் தரம், உடம்பு வழித் தொடர்புக்கு இரண்டுக்கும் இடையே 21 மெகாஹெர்ட்ஸை வைத்தது.

என்னை அதிகம் உறுத்துவது அடுத்தவர் உடம்பு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் தோளோடு தோள் ஒட்டி வடம் பிடிக்கும்போது, ஒருவர் பட்டையின் சிக்னல் தொட்டு நிற்பவரின் கடிகாரத்தையும் எட்டலாம். ஆய்வகத்தில் தனியே நிற்பவரிடம் தேறிய கருவியை, அந்த வடம் பிடிப்பவரிடமும் சோதித்த பிறகே இதய நோயாளியின் மார்பில் ஒட்ட வேண்டும்.